காசு கொடுத்து வாங்கும் பசலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக்கடை. "போன மாசம் குடுத்த க்ரீமே குடுங்கண்ணா" என்றாள் இருபது வயதுப் பெண். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. அவள் கன்னம் இரண்டும் சிவந்து, தோலுக்கடியில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிந்தது. "நல்லா கலர் வந்திருச்சுடி" என்றாள் கூட வந்தவள்.

கலரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த டியூபில் இருப்பது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும், ரத்தக்குழாய் விரியும். அதைத்தான் சிவப்பு என்கிறோம். நிறுத்தினால் முகம் எரியும். பயந்துபோய் மறுபடி தடவுவாள். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகளை மத்திய அரசு சேர்த்தது 2018இல்.

"என்ன செய்வது, தமிழனுக்கு அந்தக் காலத்திலிருந்தே சிவப்புத்தோல்தான் பிடிக்கும்" என்பார்கள். பச்சைப் புளுகு. சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியழகுக்குப் பெயர் மாமை; மாந்தளிர் போன்ற கருநிறம். பிரிவுத் துயரில் அது வெளிறினால் பசலை. அது நோய்! 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கிழக்குக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கறுத்தவருக்கே மதிப்பு அதிகம், குழந்தைகள் கறுக்கட்டும் என்று நல்லெண்ணெய் தேய்க்கிறார்கள், சாமிக்குக் கறுப்பும் பேய்க்கு வெள்ளையும் பூசுகிறார்கள் என்று வியந்து சொல்லியிருக்கிறார்.

'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது 1975இல். அதன் தலையில் எல்லாப் பழியையும் போடமாட்டேன். வெயிலில் நிற்பவன் கீழ், நிழலில் உட்கார்ந்தவன் மேல் என்ற சாதிக்கணக்கு அதற்கு முன்பே இருந்தது. க்ரீம் அதை டியூபில் அடைத்தது. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' 'க்ளோ' ஆனது. கல்யாணத் தரகர் வாயிலிருந்து போகவில்லை.

"பிடிக்கிறது பிடிக்கவில்லை என்பதெல்லாம் இயற்கை, அதில் என்ன நியாயம் பேசுவது?" என்பவர்கள் ஒருநாள் சாயங்கால மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். கவரைப்பேட்டையில் ஏறுகிற கறுத்த பெண் வாய்விட்டுச் சிரித்தால் பெட்டியில் பாதிப் பையன்கள் திரும்புகிறார்கள். அப்போது யாருக்கும் கலர் தெரிவதில்லை. அதே பையன் வீட்டில் ஜாதகம் எடுக்கும்போதுதான் "பொண்ணு கொஞ்சம் நிறமா இருக்கணும்" என்கிறான். அது ஆசையில்லை, பேரம். மாநிறம் என்றால் இரண்டு சவரன் கூட.

கடை வாசலில் அந்தப் பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். கோபப்படவில்லை.

"தெரியும்ணா. தையில பொண்ணு பாக்க வராங்க. அதுவரைக்கும்தான்."