கணவர் அடித்தால் ஸ்டேஷனுக்குத்தான் போகணுமா? உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் 'பாதுகாப்பு அலுவலர்' யார் தெரியுமா?

வீட்டில் அடி விழுந்தால் பெரும்பாலான பெண்களுக்கு ஞாபகத்துக்கு வருவது ரெண்டே இடம்தான். ஒன்று அம்மா வீடு. இன்னொன்று மகளிர் காவல் நிலையம். அம்மா வீட்டில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்பார்கள். ஸ்டேஷனில் பல நேரம் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பி விடுவார்கள். அதே வீடு, அதே கதவு, அதே ஆள்.

மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது. அதுதான் பாதுகாப்பு அலுவலர். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 உருவாக்கிய பதவி இது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26ஆம் தேதி. இத்தனை வருஷம் ஆகியும் இப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை.

எத்தனை பேருக்கு நடக்கிறது?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். நாடு முழுக்க இது 29.3 சதவீதம். 'நாம முன்னேறிய மாநிலம்' என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

அதே ஆய்வில் இன்னொரு தகவல். வன்முறையை அனுபவித்த பெண்களில், நாடு முழுக்க 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாயும் திறக்கவில்லை.

'கேஸ் போட்டா அவர் ஜெயிலுக்குப் போயிடுவாரே..'

வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இந்தப் பயம். பிள்ளைகளின் அப்பாவை உள்ளே தள்ள வேண்டாம், அடி மட்டும் நின்றால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

இந்தச் சட்டத்தில் மனு போட்டதுமே யாரும் கைதாக மாட்டார்கள். கொடுமை செய்யும் கணவருக்கு 3 வருஷம் வரை சிறை என்பது முன்பு 498ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு. அது தனி ரூட். இங்கே மாஜிஸ்திரேட் முதலில் தருவது உத்தரவு: அடிக்காதே, வேலை செய்யும் இடத்துக்குப் போய்த் தொந்தரவு செய்யாதே, செலவுக்குப் பணம் கொடு. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஒரு வருஷம் வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும்.

பாதுகாப்பு அலுவலர் என்ன செய்வார்?

தமிழ்நாட்டில் இவர் சமூக நலத்துறையின் கீழ் மாவட்ட அளவில் வேலை பார்ப்பவர். முடிந்தவரை பெண்ணாகவே இருக்கணும் என்கிறது சட்டம். இவரிடம் போக எஃப்ஐஆர் தேவையில்லை, வக்கீலும் தேவையில்லை.

நீங்கள் சொல்வதைக் கேட்டு 'குடும்ப நிகழ்வு அறிக்கை' என்ற படிவத்தை நிரப்புவார். உடலில் காயம் ஒரு பகுதிதான். கேவலமாகப் பேசியது, பாலியல் கொடுமை, சம்பளத்தைப் பிடுங்கியது, வேலைக்குப் போகவிடாமல் தடுத்தது, போட்டு வந்த நகையை விற்றது எல்லாமே அதில் வரும். அந்த அறிக்கை மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். ஸ்டேஷனுக்கும் ஒரு காப்பி போகும். மனு எழுதுவது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தங்க இடம் பார்ப்பது, இலவச சட்ட உதவிக்கு வழி செய்வது எல்லாம் இவர் பொறுப்பு. சட்ட உதவிக்கு வருமான வரம்பு கிடையாது, பெண் என்றாலே தகுதிதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் இனிமேல்தான். கோர்ட் எழுத்தில் சொன்னால் இவர் நேரில் வீட்டுக்கே போகலாம். கணவரின் சம்பளம், சொத்து, பேங்க் கணக்கு பற்றி விசாரித்து அறிக்கை தரலாம். 'எனக்கு வருமானமே இல்லீங்க' என்று ஒருவர் கையை விரிக்கும்போது இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. மாட்டிக்கொண்ட நகை, துணிமணியை மீட்டுத் தரவும் இவர் வரணும்.

'வீடு மாமியார் பேர்ல இருக்கு'

இருக்கட்டும். வீடு யார் பேரில் இருந்தாலும், குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்க உரிமை உண்டு. மாமனார், மாமியார் பேரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவரை வெளியேறச் சொல்லக்கூட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் மாமியாரையோ நாத்தனாரையோ, அதாவது எந்தப் பெண்ணையும் அப்படி வெளியேற்ற முடியாது.

வீட்டை விட்டு வந்துவிட்டீர்களா? இப்போது தங்கியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

மனு போட்ட 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயற்சிக்கணும் என்கிறது சட்டம். நோட்டீஸை 2 நாளில் சேர்க்கும் வேலையும் பாதுகாப்பு அலுவலருடையதுதான். படிவம் நிரப்புவது, கோர்ட்டுக்கு ஓடுவது, வீடு வீடாக நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர் தலையில். ஒரு மாவட்டம் முழுக்க ஒருவர் எப்படிச் சுற்றுவார்? பெரிய மாவட்டத்தில் ஒரு நோட்டீஸுக்கே ஒரு நாள் போய்விடும். கடமையைச் செய்யாத அலுவலருக்கும் ஒரு வருஷம் வரை சிறை என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டனையை எழுதிய அளவுக்கு ஆள் போடுவதில் அக்கறை காட்டவில்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதில் தலையிட்டது. மாவட்ட அளவோடு நிற்காமல், தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை 6 வாரத்துக்குள் அடையாளம் காணும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கனவே வேறு வேலை பார்ப்பவரின் போர்டில் இன்னொரு பதவிப் பெயரைச் சேர்த்து எழுதினால் மட்டும் போதாது, அவருக்கு நேரமும் வண்டியும் வேண்டும்.

கவுன்சிலிங் என்றால் பஞ்சாயத்தா?

இல்லை. இதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்துக்கொள்ளணும். இந்தச் சட்டத்தின் விதிகளின்படி, கவுன்சிலிங்கில் 'அவ எதிர்த்துப் பேசினா, அதான் அடிச்சேன்' என்று நியாயம் சொல்ல அனுமதியே இல்லை. அதை ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லிவிடணும். சமரசம் என்ற பேச்சே அந்தப் பெண் விரும்பினால்தான். உங்களை யாராவது கட்டாயப்படுத்தினால், 'விதியில் அப்படி இல்லையே மேடம்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

எப்படித் தொடர்பு கொள்வது?

181 மகளிர் உதவி எண், 24 மணி நேரமும், இலவசம். மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். உடனே வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை என்றால் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம், பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். அந்த நொடியே உயிருக்கு ஆபத்து என்றால் 112.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் நீங்களும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக உங்கள் மேல் எந்த வழக்கும் போட முடியாது, 4ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது.