"பறஞ்சான்" என்று சாட்சி சொன்னால் எந்திரத்துக்கு என்ன கேட்கும்?

தோழர்களே,

பேச்சிப்பாறையிலோ குலசேகரத்திலோ ஒருவர் இன்னொருவரிடம் "அவன் என்ன பறஞ்சான்?" என்று கேட்டால், அவன் என்ன சொன்னான் என்று பொருள். மலையாளமும் தமிழும் கலந்து கிடக்கிற மேற்குக் குமரியின் அன்றாடப் பேச்சு இது. மதுரைக்காரருக்கே உடனே பிடிபடாது.

இந்தச் சொல்லை அப்படியே நாகர்கோவில் நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். வன்கொடுமை வழக்கு. கூண்டில் நிற்பவர் ஒரு சாம்பவர் சமூகத்துப் பெண். "எல்லாரும் கேக்க அவன் என்னெ சாதிப்பேரு விளிச்சு சீத்தெ பறஞ்சான்" என்கிறார். எந்தச் சொல்லைச் சொன்னான் என்று அரசு வழக்கறிஞர் கேட்கிறார். அந்தச் சொல்லையும் அவர் சொல்கிறார். இப்போது அதை எழுதுவது சுருக்கெழுத்தர் இல்லை, பேச்சை எழுத்தாக்கும் ஒரு மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பறஞ்சான்" என்பதை அது "பறையன்" என்று எழுதினால், சாட்சி சொன்னது உளறலாகிவிடும். சாதிப் பெயரை அது "பறஞ்சான்" என்று எழுதினால், குற்றமே காணாமல் போய்விடும்.

மிகைப்படுத்தவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(s) பிரிவு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. கொலை வழக்கில் கத்தி எப்படியோ, அப்படித்தான் இந்தப் பிரிவில் அந்தச் சொல். அதுதான் தடயம். ஆனால் இந்த மென்பொருள்களைச் செய்கிறவர்களுக்கு வசைச்சொல் என்பது துடைத்து எறிய வேண்டிய அழுக்கு. யூடியூபின் தானியங்கி எழுத்தில் ஆங்கில வசைச்சொல் வரும் இடத்தில் வெற்றுக் கோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். நாகரிகம் கருதி அழிக்கிறார்களாம். நமது வழக்கில் அந்த நாகரிகம் குற்றவாளியைக் காப்பாற்றும்.

இது எப்போதோ வரப்போகும் கதையா? பேச்சிப்பாறை மலைக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் கேரளத்தின் விசாரணை நீதிமன்றங்கள் சாட்சியங்களைப் பதிவு செய்ய 'அதாலத் ஏஐ' என்ற மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2023 முதலே அரசியல் சாசன அமர்வின் வாதங்களை இப்படி எழுத்தாக்கி வருகிறது. மின்-நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கிய தொகை 7,210 கோடி ரூபாய். அதில் செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் போன்றவற்றுக்கு மட்டும் 53.57 கோடி. ஆகவே "ஏஐ நீதிமன்றத்துக்கு வரலாமா?" என்று பட்டிமன்றம் நடத்தும் காலம் முடிந்துவிட்டது. வந்தது யாருக்கு வேலை செய்யப்போகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

எந்திரத்தைக் கண்டாலே வெறுக்கிறவன் நான் இல்லை. இன்னும் சொன்னால், எங்களுக்கு ஓர் எந்திரம் வர வேண்டிய பாக்கி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15A என்று ஒரு பிரிவு உண்டு. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் பத்தாம் உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் காணொளியில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 'பதிவு செய்யலாம்' என்றில்லை, 'வேண்டும்'.

உங்கள் ஊர் வன்கொடுமை வழக்கில் கேமரா வைத்தார்களா? கேட்டுப் பாருங்கள். மும்பையில் ஆதிவாசி மருத்துவர் பாயல் தட்வி 2019இல் இறந்தபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களின் பிணை விசாரணைக்குக்கூட இந்தப் பதிவு தேவையா என்று உயர் நீதிமன்றத்தில் வாதம் நடத்த வேண்டியிருந்தது. ஒரு கேமராவும் ஒரு மைக்கும்தான் கேட்கிறோம். கல்யாண மண்டபத்தில் இருக்கிறது, டீக்கடையில் இருக்கிறது. சட்டம் கட்டளையிட்ட இந்த எளிய எந்திரத்துக்கு இல்லாத அவசரம், யாரும் கேட்காத எந்திரத்துக்கு எங்கிருந்து வந்தது?

காணொளி இருந்தால் எழுத்து தவறும்போது திரும்பிக் கேட்கலாம். சாட்சியின் குரல் அங்கே இருக்கும். காணொளி இல்லாமல் மென்பொருள் எழுத்து மட்டும் இருந்தால், அது எழுதியதே சாட்சியம். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் 15A(10). மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்து, நிலத்துக்கு வருவோம். 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர்தேக்கத்தைச் சுற்றிக் காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. சில குடியிருப்புகளுக்குப் படகில்தான் போக வேண்டும். அவர்களுக்கு நிலத்தின் மீது உரிமை தருவது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்தோம் என்று காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? வானத்திலிருந்து எடுத்த படத்தில் தேடினால், மரங்களுக்கு அடியில் இருக்கும் வீடும் மிளகுக் கொடியும் மரச்சீனியும் தெரியுமா? பச்சைதான் தெரியும். படத்தைத் தானாக வாசித்து வகை பிரிக்கும் மென்பொருள் அதைக் 'காடு' என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

குஜராத்தில் இதுதான் நடந்தது. செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று பழங்குடிகளின் மனுக்களை நிராகரித்தார்கள். 2013இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதைத் தவறு என்று சொல்லி, மற்றச் சான்றுகளையும் பார்த்து மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2012இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தன: செயற்கைக்கோள் படம் போன்ற தொழில்நுட்பம் மனுதாரரின் சான்றுகளுக்குத் துணையாக இருக்கலாம், மற்றச் சான்றுகளைத் தள்ளிவிட்டு அது மட்டுமே சான்றாக நிற்க முடியாது. அதே விதிகள் எவற்றையெல்லாம் சான்றாக ஏற்கின்றன தெரியுமா? கிணறு, சுடுகாடு, வழிபாட்டு இடம், எழுத்தில் பதிவான முதியவர் வாக்குமூலம். ஒரு மூட்டுக்காணி உட்கார்ந்து "இது எங்க அப்பூப்பன் காலத்திலேயே எங்க இடம்" என்று சொன்னால், சட்டத்தின் முன் அது சான்று.

தோழர்களே, இந்த விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'எந்திரம் துணை நிற்கலாம், மனிதரின் சாட்சியத்துக்குப் பதிலாக நிற்கக் கூடாது.' ஏஐ குறித்து உலகமெல்லாம் மாநாடு போட்டுத் தேடுகிற கொள்கை, பழங்குடிகளுக்கான விதிகளில் 2012லேயே இருக்கிறது. நீதிமன்றத்தில் வரும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இதையே பொருத்தக் கேட்போம்.

இங்கே ஒரு கேள்வி வரும். சட்டக் கல்லூரி மாணவர்கள் பலர் என்னிடம் கேட்டதுதான். "அண்ணா, நீதிபதிகளுக்குச் சாதி இருக்கிறது. எந்திரத்துக்குச் சாதி கிடையாதே. அதுவே தீர்ப்புச் சொன்னால் நமக்கு நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. நம் வலியிலிருந்து வருகிற கேள்வி. ஆனால் எந்திரம் எதைத் தின்று வளர்கிறது என்று பாருங்கள். பழைய தீர்ப்புகளைத் தின்று வளர்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இவ்வளவு நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தத் தீர்ப்பும் எந்திரத்தின் தீனிதான். அதைப் போன்ற நூற்றுக்கணக்கான விடுதலைகளும் தீனிதான். 'பணக்காரன் செய்திருக்க மாட்டான், ஏழை பொய் சொல்வான்' என்ற பாடத்தைப் படித்த எந்திரத்துக்குத் தனியாகச் சாதிச் சான்றிதழ் எதற்கு?

இதற்கு அமெரிக்காவில் நடந்த உதாரணமே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் 'காம்பஸ்' என்ற மென்பொருளை 2016இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பர்களை 'ஆபத்தானவர்' என்று அது தவறாகக் குறித்த விகிதம், வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இந்த மதிப்பெண் எப்படி வந்தது என்று ஒருவர் நீதிமன்றத்தில் கேட்டார். அது நிறுவனத்தின் வணிக ரகசியம். இருந்தும், சில எச்சரிக்கைகளோடு அதைப் பயன்படுத்தலாம் என்று விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு சொன்னது.

சாதி பார்க்கும் நீதிபதி காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை நாம் மேல்முறையீட்டில் கிழிக்கலாம். 50 ஆண்டு கழித்தும் வெண்மணித் தீர்ப்பின் காரணத்தை எடுத்து வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. ரகசியச் சூத்திரத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணல் அம்பேத்கரின் மகாத் வழக்கை நினைத்துப் பாருங்கள். சவுதார் குளத்தில் தீண்டப்படாதோர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதற்கு எதிர்த்தரப்பு சொன்ன காரணம் என்ன? 'காலங்காலமான வழக்கம்.' 1927இல் தொடங்கிய போராட்டம், 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்ன பிறகுதான் நீதிமன்றத்தில் வென்றது. எந்திரம் அறிந்த ஒரே நீதி வழக்கம்தான். இதுவரை எது அதிகம் நடந்ததோ, அதுவே சரி என்று அது சொல்லும். இதுவரை நடந்தது சரியில்லை என்று சொல்லத்தான் நாம் நீதிமன்றத்துக்குப் போகிறோம்.

நம் பக்கத்து வழக்கறிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சாட்ஜிபிடியில் மனு எழுதுகிறீர்கள், தெரியும். சீனியரும் நூலகமும் இல்லாத முதல் தலைமுறை வழக்கறிஞருக்கு அது பெரிய கை கொடுக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் காட்டி மாட்டிக்கொண்டார்கள். 5,000 டாலர் அபராதம். பெங்களூருவில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமே 2024 டிசம்பரில் போட்ட ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்று, உத்தரவைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. பெரிய கட்சிக்காரருக்கு அடுத்த மனு போட ஆயிரம் வழி உண்டு. பேச்சிப்பாறையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, படகும் பேருந்தும் மாறி நாகர்கோவிலுக்கு வந்து நிற்கிறவருக்கு அந்த ஒரு மனுதான். எதிர்த்தரப்பு 'பொய்த் தீர்ப்பு, பொய் வழக்கு' என்று சொல்வதற்கு நாமே வாய்ப்புக் கொடுக்கலாமா? மூலத் தீர்ப்பை எடுத்து வாசிக்காமல் ஒரு தீர்ப்பையும் மனுவில் எழுதாதீர்கள்.

சரி, என்ன கேட்கப் போகிறோம்?

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. தீர்ப்பையோ நிவாரணத்தையோ முடிவு செய்ய ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது, ஏஐ மொழிபெயர்ப்பைத் தகுதியான மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும், அங்கீகரித்த கருவிகளைத் தவிர வேறெதுவும் கூடாது என்கிறது. இது குறைந்தபட்சம். நாம் இன்னும் கேட்போம். வன்கொடுமை வழக்குகளில் காணொளிப் பதிவு இல்லாமல் மென்பொருள் எழுத்து மட்டும் கூடாது. எந்த மென்பொருளும் குமரியின் பேச்சிலும் காணிக்காரர் பேச்சிலும் சோதிக்கப்படாமல் சாட்சிக் கூண்டுக்கு வரக் கூடாது. சோதனை முடிவு பொதுவில் வைக்கப்பட வேண்டும். வசைச்சொல்லை மறைக்கும் வடிகட்டி நீக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வழக்கில் எந்தக் கருவி, எங்கே பயன்பட்டது என்று அவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். தீர்ப்பு அவர் வாசிக்கும் தமிழில் அவர் கையில் கிடைக்க வேண்டும். தீர்ப்புகளை மொழிபெயர்க்க உச்ச நீதிமன்றம் 'சுவாஸ்' என்ற மென்பொருளை 2019லேயே கொண்டுவந்தது. இதற்குத்தான் எந்திரம் வேண்டும்; இங்கே அது தாராளமாக வரட்டும்.

கேட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டாம். நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டி, தவறு இருந்தால் திருத்த வேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பழைய சட்டத்தில் 278ஆம் பிரிவு, புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 313. பல இடங்களில் 'வாசித்துக் காட்டப்பட்டது, சரி' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் கேளுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு விசாரணை குறித்து முன்னறிவிப்புத் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற 15A(3), 15A(5) உட்பிரிவுகள் கட்டாயமானவை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிணை மனு வந்தால் அதைக் காட்டி நில்லுங்கள். தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது 15A(12). கூடப் போவதற்கு உங்களுக்குச் சட்டமே வாசல் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது கையில் ஒரு மனுவோடு போங்கள்: '15A(10)இன்படி காணொளிப் பதிவு செய்ய வேண்டும்.' தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காரணத்தோடு மதுரைக் கிளைக்குப் போகலாம்.

அந்தப் பெண் கூண்டில் நின்று, ஊரே கேட்டு அவமானப்பட்ட சொல்லை இரண்டாம் முறையாகத் தன் வாயாலேயே சொல்கிறார். அது எவ்வளவு கனமானது என்று நமக்குத் தெரியும். அவர் பறஞ்சது பறஞ்சபடியே பதிவாக வேண்டும். அதுவரை நாம் நீதிமன்ற வராந்தாவை விட்டு இறங்கக் கூடாது.

ஜெய் பீம்.