மூணு மணி நேர வீடியோவில் அப்பாவைத் தேடி

போன ஞாயிறு அக்கா கல்யாண வீடியோவைப் போட்டோம். 1994, திருநெல்வேலி. கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்ததோடு சரி, மூணு மணி நேரமும் ஒரே ஃபைல். அதில் எங்கேயோ அப்பா பேசுகிறார் என்பது அம்மாவின் ஞாபகம். அவர் போய்ப் பல வருஷம் ஆச்சு. முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, ராத்திரி பதினோரு மணிக்குக் கிடைத்தார். பந்தியில், "இந்த இலைக்கு ரசம் விடுப்பா" என்கிறார். அவ்வளவுதான். அம்மா நாலு தடவை போடச் சொன்னாள்.

நான் பேங்க்காரன். பழைய வவுச்சரைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவோம். காரணம், தேதி, கணக்கு எண், நரேஷன் எல்லாம் அதில் இருக்கும். வீட்டு வீடியோவில் நரேஷனே கிடையாது. அப்புறம் தேடு தேடு என்றால் எதைத் தேட?

இதை ஒழுங்காகச் செய்தவர்கள் நம்ம மும்பையிலேயே இருக்கிறார்கள். கேம்ப் என்ற குழுவும் பெங்களூர் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம் போன்ற அமைப்புகளும் சேர்ந்து 2008-ல் பேட்.மா என்ற வீடியோ காப்பகத்தைத் தொடங்கின. படமாக வெட்டி முடிக்காத காட்சிகள்தான் அதில் அதிகம். வீடியோவுக்குக் கீழே அதன் காட்சிகளே மெல்லிய கீற்றுகளாக நீளப் பட்டையில் தெரியும். நிறம் மாறினால் இடம் மாறியது என்று அர்த்தம், அங்கே தட்டினால் போதும். பேச்சு, விளக்கம், இடம் எல்லாம் அந்தந்த நொடியோடு கட்டி வைத்திருப்பதால், ஒரு சொல்லைத் தேடினால் நேரே அந்த நொடிக்குப் போகலாம். இதே முறையில் பழைய இந்தியப் படங்களுக்கு 2013-ல் இண்டியன்சினே.மா வந்தது.

"இப்பதான் போனே முகத்தைக் கண்டுபிடிக்குதேப்பா" என்கிறான் பையன். வாஸ்தவம். ஒரே முகம் என்று சேர்த்துவிடும். அது அத்தையா, அம்பாசமுத்திரம் சித்தியா என்று அம்மாதானே சொல்லணும்? இந்த கேஒய்சி-க்கு வீட்டுப் பெரியவர்களை விட்டால் வேறு டாகுமெண்ட் இல்லை. அம்மாவுக்கும் இப்போது பெயர்கள் மறக்க ஆரம்பித்துவிட்டது.

அதனால் என் கட்சி இது: நல்ல மென்பொருள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு எக்செல் ஷீட், நாலு காலம்: நேரம், யார், எங்கே, என்ன பேச்சு. தமிழிலேயே அடியுங்கள். ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகளுக்கு அந்த முகங்கள் வெறும் கூட்டம், பெயர் சேர்ந்தால்தான் சொந்தம். நெருளில் எங்கள் வீட்டில் இனி ஞாயிறுதோறும் அரைமணி நேரம், அம்மா சொல்ல, பையன் அடிக்கிறான். முதல் வரி அப்பாவின் ரசம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் இருக்குமே?