கேஷும் காசும்

ஆங்கிலச் சொற்களுள் 'கேஷ்' என்பதைப்போல் நாடோறும் நம் செவியில் விழுவன சிலவே. கடையிலும் வங்கியிலும் கல்லூரி அலுவலகத்திலும் அதனைக் கேளாத நாளில்லை. இச்சொல் தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே என்று நம் மாணாக்கருட் பலர் உரைப்பர். ஒலியும் ஒத்துளது, பொருளும் ஒத்துளது, வேறு சான்று எற்றுக்கு என்பது அவர் கருத்து. யாமும் அக்கட்சியினராகவே இருந்தோம். சென்ற ஆண்டு தமிழ்க் கழகக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்துக் கைதட்டும் பெற்றோம். கூட்டம் கலைந்தபின் ஆசிரியர் ஒருவர் எம்மை அருகழைத்து, "தம்பி, அகராதியைப் பார்த்தாயா?" என்று மெல்ல வினவினார். யாம் பார்த்திலோம். கைதட்டு மறந்துபோயிற்று, அவ்வினா மறக்கவில்லை. பின்னர் நூலகத்திற் கண்டவற்றையும், அவற்றால் எமக்குத் தோன்றியதனையும் ஈண்டுக் கூறுவாம்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பது ஒரு சொல்லன்று. ஒரே எழுத்தால் எழுதப்படும் இரு சொற்களாம். கைப்பணத்தைக் குறிக்கும் முதற்சொல் இலத்தீன் வழிவந்தது. அம்மொழியிற் 'காப்சா' என்பது பெட்டி. அதுவே இத்தாலியத்திற் 'காஸா' என்றும், பிரெஞ்சிற் 'கெஸ்' என்றும் திரிந்து, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துட் புகுந்தது. அக்காலத்தே பணப்பெட்டி என்பதும் அதன் பொருளாயிருந்தது. நாளடைவிற் பெட்டியின் பெயர் பெட்டியினுள் இருந்த பணத்துக்கு ஆயிற்று. இதனை நம் இலக்கணத்தார் இடவாகுபெயர் என்பர். பின்பு பெட்டி என்னும் பொருள் வழக்கொழிய, பணம் என்னும் பொருளே நிலைத்தது.

இரண்டாஞ் சொல்லே நம்முடையது. கீழ்த்திசை நாடுகளில் வழங்கிய சிறு நாணயங்களின் பெயராக அது வந்தது. போர்த்துக்கீசியர் நம் 'காசு' என்பதனைக் கேட்டுத் தம் மொழியிற் 'காய்ஷா' என எழுதினர். அம்மொழியிற் பெட்டிக்கும் அதுவே பெயர். அதுவும் அவ்விலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே. அவரிடமிருந்து பெற்ற ஆங்கிலர் அதனைக் 'கேஷ்' ஆக்கினர். சென்னையிற் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் இம்மாகாணத்துக்கு ரூபாயே பொது நாணயமாகும்வரை இக்கணக்கு நடைபெற்றது. நடுவிற் சதுரத்துளை உடைய சீனநாட்டுச் செப்புக்காசையும் ஆங்கிலர் இப்பெயராலேயே வழங்கினர். ஆகவே, தமிழ்ச்சொல் சீனம் வரை சென்றது மெய். இலண்டன் வணிகனது பணப்பெட்டியைப் பெற்றெடுத்தது அதுவன்று.

இவ்வாறு வேறு வேறு பிறப்புடையன ஒரே உருவெய்துதல் ஆங்கிலத்திற் பெருவழக்கு. 'கேஸ்' என்பது பெட்டியாயின் முற்கூறிய காப்சாவின் வழியது. வழக்காயின் வீழ்தலைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லின் வழியது. 'கேஷியர்' என்பது பெயராயின் காசாளர். வினையாயின் படைத்தலைவன் ஒருவனை இழிவுபடுத்திப் பதவியினின்று நீக்குதல். இவ்விரண்டும் உறவல்ல.

இது நமக்கும் புதிதன்று. பல பொருள் குறித்த ஒரு சொல்லைத் தொல்காப்பியர் திரிசொல்லின் ஒரு வகையாக வைத்தார். 'காசு' என்பதே நாணயம், மணி, குற்றம் என்னும் பொருள்களைத் தரும். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடாகவும் அது நிற்கும். இவையனைத்தும் ஒரு வேரின என்று ஒலியொன்றையே கொண்டு துணிவார் உளரோ? நம் சொல்லிடத்துச் செய்யத் துணியாததைப் பிறர் சொல்லிடத்துச் செய்தல் முறையாகுமோ?

"சிறிது மிகைப்படக் கூறின் என்? மொழிப்பற்று வளருமன்றோ?" என்பார் உளர். யாம் உடன்படோம். கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுதண்ணீர் என்பன ஆங்கிலத்திற் குடிபுகுந்தமையை அவர்தம் அகராதிகளே ஒப்புகின்றன. மெய்யான பெருமை இத்துணை இருக்கப் பொய்யான பெருமை எதற்கு? பத்து உண்மையோடு ஒரு பொய்யைக் கலப்பின், கேட்போன் அப்பொய்யைக் கண்ட அன்றே பத்தையும் ஐயுறுவான். அந்நாளில் இழப்பு நமக்கன்று, தமிழுக்கே. பிறன் பெட்டியைத் தனதென வழக்காடுவோன் தன் கைக்காசுக்கும் சான்று காட்டல் வேண்டிவரும்.

தமிழ் பயில்வோராகிய நாம் சொல்லின் பிறப்பை ஆராயப் புகுமுன், அச்சொல் முதன்முதல் எக்காலத்து, எந்நாட்டில், எப்பொருளில் வழங்கிற்று என்று வினவும் வழக்கத்தை மேற்கொள்ளுதல் வேண்டும். ஒலியொப்புமை ஆராய்ச்சியின் வாயிலேயன்றி முடிவன்று. அடுத்த கூட்டத்தில் யாம் முன்பு கூறியது பிழையென அவ்வரங்கிலேயே கூறக் கருதியுள்ளோம். கைதட்டு இராது போலும். ஆயினும் காசு என்பதற்குக் குற்றம் என்பதும் பொருளாதலின், தமிழிடத்து எம் அன்பு அக்காசு இன்றி இருத்தலையே விரும்புகின்றோம்.