கொம்புள்ளன யாவும் பசுவாமோ?

தருக்க நூல் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே கற்பன வரைவிலக்கணத்தின் குற்றங்கள். 'கொம்புடையது பசு' எனின் எருமையும் பசுவாகிவிடும், அஃது அதிவியாத்தி. 'கபில நிறமுடையது பசு' எனின் வெள்ளைப்பசு விலகிவிடும்; அஃது அவ்வியாத்தி. நாடுகளின் கணினி, இணையப் பயன்பாட்டை ஒப்பிடும் கணக்குகளை வாசிக்குந்தோறும் இவ்விரு குற்றங்களும் என் நினைவுக்கு வருகின்றன.

உலக மக்களுள் நூற்றுக்கு 68 பேர் இணையத்தைப் பயன்படுத்துவதாக ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. பயன்படுத்துவோர் யாவர்? கடந்த மூன்று மாதங்களுள் எவ்விடத்திலிருந்தேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர் என்பது அவ்வொன்றியத்தின் வரைவிலக்கணம். ஒருமுறை அயலவரின் கைத்தொலைபேசியிலே கடல்கடந்த மகனின் முகங்கண்ட மூதாட்டியும், நாள்முழுதும் இணையத்தில் ஆராயும் விஞ்ஞானியும் இக்கணக்கில் நிகரானவரே.

நம் நாட்டுக் கணக்கையும் நோக்குவோம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2021ஆம் ஆண்டில் கணினி அறிவுடையோர் 34.3 சதவீதம் என்றும், டிஜிற்றல் அறிவுடையோர் 57.2 சதவீதம் என்றும் கூறியது. மக்கள் அவரே, ஆண்டும் அதுவே. திறன்பேசியையும் தட்டைக்கணினியையும் சேர்த்தமையால் எண் உயர்ந்தது. கணினியை மட்டும் எண்ணினால் திறன்பேசியிலே கருமம் முடிப்போர் விடுபடுவர் என்பது மெய்யே. ஆயினும், ஐந்து வயதுப் பிள்ளை தானாகக் கணினியில் விளையாட வல்லதாயின் அதுவும் கணினி அறிவுடையதென்பது அத்திணைக்களத்தின் வரைவிலக்கணம். கொம்பைக் கண்டு பசுவென்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

பல நாடுகளை ஒப்பிடுதற்கு எளிய வினாவே உதவும் என்பர் புள்ளிவிபர அறிஞர். அதனை நான் மறுக்கவில்லை. ஒப்பிடுதற்கு அமைந்த எண்ணை மனநிறைவுக்குரிய எண்ணாகக் கொள்வதையே மறுக்கின்றேன். 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், தந்தையின் ஒரே கைத்தொலைபேசிக்காகப் பிள்ளைகள் மூவர் முறைவைத்துக் காத்திருந்த வீடும் கணக்கிலே 'இணையமுள்ள வீடு' தான். மூன்றாம் பிள்ளை இழந்த பாடம் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. அத்தகைய அட்டவணையை நம்பித் திட்டம் வகுப்போர் அப்பிள்ளைக்கு எதனையும் வகுக்கமாட்டார்.

ஆதலின் ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய எண்ணைக் காணும்போது, உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று கேட்குமுன், எண்ணப்பட்டது யாது என்று கேட்டல் வேண்டும். ஒரு விண்ணப்பத்தைத் தானே நிரப்பவும், ஒரு செய்தியின் மெய்ம்மையை ஆராயவும், தன் தாய்மொழியில் ஒரு கடிதம் எழுதவும் வல்லவர் எத்தனை பேர்? அவ்வெண்ணே நாட்டின் நிலையைக் காட்டும்.