‘முறுக்கு விலை எங்கே இருக்கு?’ வெப்சைட் மெனு போடும் முன் கவனிக்க வேண்டியவை!

வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கும் ஒரு குடும்பம், தீபாவளிக்கு முன்பு வெப்சைட் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. விலையும் நியாயம்தான். ஆனால் மெனுவில் இருப்பது இவ்வளவுதான்: முகப்பு, எங்கள் கதை, பாரம்பரியம், கேலரி, சேவைகள், மற்றவை.

பஸ்ஸில் போகும் ஒருவர் போனில் அதைத் திறக்கிறார். முறுக்கு கிலோ என்ன விலை, மதுரைக்கு அனுப்புவார்களா? அவருக்கு இரண்டே கேள்விகள். ‘சேவைகள்’ பக்கத்தில் பதில் இல்லை. ‘மற்றவை’யிலும் இல்லை. அவர் இறங்கும் ஸ்டாப் வருவதற்குள் வேறு கடையில் ஆர்டர் போய்விடுகிறது. முறுக்கில் ஒரு குறையும் இல்லை, மெனுவில்தான் குறை.

யார் பார்வையில் மெனு?

பெரும்பாலான மெனுக்கள், நடத்துபவர் தன் வேலையைப் பிரித்து வைத்திருக்கும் விதத்திலேயே அமைந்துவிடுகின்றன. வருபவருக்கோ அந்தப் பிரிவுகள் தெரியாது. 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு ‘கவ் டாட் யூகே’ என்ற ஒரே தளத்தைத் தொடங்கியபோது, இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தது. பாஸ்போர்ட் வேண்டுபவர் அது எந்தத் துறையின் கீழ் வருகிறது என்று தெரிந்து வைத்திருக்கத் தேவையில்லை. கார் ஓட்டுவது, வரி, ஓய்வூதியம் என மக்களின் தேவைப்படியே தலைப்புகள் அமைந்தன. ‘பயனாளரின் தேவையிலிருந்து தொடங்கு’ என்பதே அந்தக் குழுவின் முதல் வடிவமைப்பு விதி.

துண்டுச்சீட்டு போதும்!

இதைச் செய்ய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். தளத்தில் வரப்போகும் ஒவ்வொரு விஷயத்தையும் ஒவ்வொரு துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். வியாபாரத்தில் சம்பந்தப்படாத நான்கைந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, ‘எது எதோடு சேரும்? அந்தக் கட்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்?’ என்று கேட்க வேண்டும். துறையில் இதற்கு ‘கார்டு சார்ட்டிங்’ என்று பெயர்.

பெரும்பாலானோர் ஒன்றாகச் சேர்ப்பவை ஒரே தலைப்பின் கீழ் போகலாம். ஆளுக்கு ஓரிடத்தில் வைக்கும் சீட்டுகளைத்தான் உற்றுக் கவனிக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரை லட்டை ஒருவர் ‘இனிப்பு’ கட்டிலும், இன்னொருவர் ‘உடம்புக்கு நல்லது’ கட்டிலும் வைத்தால், இரண்டு இடத்திலும் லிங்க் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது, தலைகீழ் சோதனை

தயாரான மெனுவை, படமோ நிறமோ இல்லாமல் வெறும் வார்த்தைகளாக ஒரு தாளில் எழுதி, ‘மதுரைக்கு அனுப்பும் செலவைப் பார்க்க எதைத் தொடுவீர்கள்?’ என்று கேட்க வேண்டும். கேட்பவர் வாயைத் திறந்து உதவக்கூடாது! விரல் எங்கே தயங்குகிறதோ, அந்தப் பெயரை மாற்ற வேண்டும். ‘சேவைகள்’ என்பதைவிட ‘டெலிவரி கட்டணம்’ தெளிவு. ‘மற்றவை’ என்பது முடிவெடுக்க முடியாதவற்றைப் போட்டு வைக்கும் பரண்.

ஏழுதான் இருக்க வேண்டுமா?

‘மெனுவில் ஏழுக்கு மேல் கூடாது’ என்று பலர் சொல்வதுண்டு. உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956-ம் ஆண்டுக் கட்டுரையை வைத்துச் சொல்லப்படுவது இது. ஆனால் அவர் பேசியது நினைவில் வைத்துக்கொள்ளும் திறனைப் பற்றி. மெனுவோ கண்முன்னே இருக்கிறது, மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு பெயரும் மற்றதிலிருந்து தெளிவாக வேறுபடுவதே முக்கியம்.

மூன்று கோடுகளுக்குள் எதை மறைப்பது?

போனில் மெனுவைத் திறக்கும் அந்த மூன்று கோடு ‘ஹாம்பர்கர்’ ஐகான் புதிதல்ல. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணில் படாததைப் பலர் தேடுவதே இல்லை. அதனால் விலை, ஆர்டர், டெலிவரி, போன் நம்பர் ஆகிய நான்கும் திரையில் நேராகத் தெரிய வேண்டும். ‘எங்கள் கதை’ கோடுகளுக்குள் காத்திருக்கலாம்.

பாட்டி சுட்ட முதல் முறுக்கின் கதை அழகானதுதான். விலை தெரிந்து, ஆர்டரும் போட்ட பிறகு அதைப் படிக்க வாடிக்கையாளருக்கு நேரம் இருக்கும்.