புதிய பூங்காவும் பழைய அளவுகோலும்

பழகிய இடமே சிறந்த இடம் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால், இயல்பு எல்லாம் அறிவாகிவிடுமா?

கோலார் தங்கவயலிலிருந்து வந்து பயிலும் நம் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். கேளிக்கைப் பூங்கா என்றதும் அவர்கள் நினைவு சென்னைக்குத்தான் பறக்கும். கோடை விடுமுறையில் உறவினர் வீடு செல்வதும், ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி.யையோ, 1995இல் தாம்பரத்தை அடுத்துத் தோன்றிய கிஷ்கிந்தாவையோ கண்டு களிப்பதும் பல குடும்பங்களின் வழக்கம். வி.ஜி.பி.யின் கடற்கரையைத் திரைப்படத்தில் கண்டவர்கள் நேரிலும் கண்டார்கள். அசையாமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றார்கள். இனிய நினைவுகள், குறை சொல்ல ஏதுமில்லை.

ஆண்டு பல அங்கேயே சென்று பழகியவர், பெங்களூருக்கு அப்பால் மைசூர்ச் சாலையில், பிடதியில் உள்ள வொண்டர்லாவில் முதன்முறை கால் வைக்கிறார். அது 2005இல் திறக்கப்பட்டது; 2012இல் தங்கும் விடுதியும் அதனுடன் சேர்ந்தது. தங்கவயலுக்குச் சென்னையைவிட எவ்வளவோ அருகில் இருப்பது. ஆனால் வந்தவர் கேட்பதென்ன? "கடல் எங்கே? சிலை மனிதர் எங்கே?" இல்லாததைத் தேடுவதிலேயே பொழுது போகிறது, இருப்பது கண்ணில் படுவதில்லை. இன்னொரு சாரார் அங்கே ஒருநாள் ஆடிவிட்டு, "நம் பழைய பூங்காவெல்லாம் ஒரு பூங்காவா?" என்று எள்ளி நகையாடுகிறார்கள். முன்னவர் புதியதற்கு அநீதி செய்கிறார். பின்னவர் பழையதற்கு நன்றி மறக்கிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல்தான்!

கடலை நம்பி எழுந்த பூங்காவைக் கடலோடு சேர்த்து மதிப்பிடுக. கடலே இல்லாத மேட்டு நிலத்தில் அலைக்குளம் அமைத்தவரை அவரது முயற்சியால் மதிப்பிடுக. கன்னட நாட்டில் பிறந்து வளர்ந்தும், அண்டை நகரத்தின் இன்பங்களை அயல்வீட்டுப் பண்டம்போல் பார்ப்பது நமக்கு அழகாகுமா? தமிழுணர்வு என்பது சன்னலைச் சாத்திக்கொள்வதன்று.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. புதிய இடத்தை எப்படிப் பார்ப்பது என்று நாம் கற்றால்தான், நம் ஊரைப் பிறர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். உயரத்திலிருந்து ஒரே மூச்சில் கீழே இறக்கும் ராட்டினத்தில் பணம் கொடுத்து ஏறி அலறுகிறோம். நம் பாட்டனாரோ நாள்தோறும் கூண்டில் ஏறிப் பாதாளத்தில் இறங்கினார்; அலறவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த அந்த மண்ணில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. பாறை வெடிப்பில் உயிரிழந்தோரும், தூசியால் நுரையீரல் கெட்டோரும் எத்தனை பேர்! 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் பிழைக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், பழைய தங்கச் சுரங்கம் ஒன்றின் மீதே கோல்டு ரீஃப் சிட்டி என்னும் கேளிக்கைப் பூங்கா எழுந்தது. ராட்டினமும் உண்டு, சுரங்கத்தில் இறங்கிப் பார்க்கும் வழியும் உண்டு. அத்தகைய ஒன்று தங்கவயலிலும் எழட்டும் என்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: ராட்டினத்தின் ஓசையில் உழைத்தவன் பெயர் அமுங்கிவிடக் கூடாது. துரைமார் பங்களாவை மட்டும் காட்டி, தொழிலாளர் வரிசை வீடுகளை மறைக்கும் பூங்கா நமக்கு வேண்டாம். அங்கே வழிகாட்டும் வேலையும் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கே முதலில் கிடைக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, இவ்வாண்டுச் சுற்றுலாவில் புதிய பூங்காவுக்குச் செல்லுங்கள். ஆடுங்கள், நனையுங்கள், சிரியுங்கள். அளவுகோலை மட்டும் விடுதி அறையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும், நம் ஊருக்கு வரப்போகும் விருந்தினருக்கு எதைக் காட்டுவது என்று மன்றத்தில் கூடிப் பேசுவோம்.